பொட்டோமாக் கரைக்கு வரும் நம் நடைக்குழுவினருக்கு



ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை மேரிலாந்து பக்கத்துக் கிரேட் ஃபால்ஸில் நடக்கப்போகிறோம் என்று சொன்னதும் நாற்பது பேருக்கு மேல் பெயர் கொடுத்துவிட்டீர்கள். ஃபேர்ஃபாக்ஸிலிருந்து வருபவர்கள், ஜெர்மன்டவுனிலிருந்து வருபவர்கள், மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த அம்மா அப்பாக்கள், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் என்று எல்லா வயதிலும் ஆட்கள் இருக்கிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

கூடவே ஒரு முணுமுணுப்பும் காதில் விழுந்தது. "எதுக்கு மூணு கோஷ்டியா பிரிக்கணும்? எல்லாரும் சேர்ந்தே பில்லி கோட் டிரெயிலை முடிச்சிட்டு, ஒரு குரூப் போட்டோ எடுத்துட்டு வந்துடலாமே?" சிலர் நேரிலேயே கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடித்தே தீரவேண்டும் என்ற எண்ணத்தோடு யாரும் வரவேண்டாம். இந்த நடைக்கு அந்த எண்ணம்தான் ஆகாது.

ஏன் என்று சொல்ல, அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

நாம் கூடப்போகும் இடம் கிரேட் ஃபால்ஸ் டேவர்ன். வெள்ளையடித்த பழைய கட்டடம். அதன் வாசலிலேயே லாக் 20 இருக்கிறது. லாக் என்றால் படகைப் படிப்படியாக ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய கல் தொட்டி. இரண்டு முனையிலும் மரக்கதவு. சென்னைக்காரர்களுக்கு பக்கிங்ஹாம் கால்வாயின் பழைய லாக்குகள் நினைவுக்கு வரலாம். ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லண்ட் வரை 184.5 மைல் நீளமுள்ள இந்தச் செசபீக் அண்டு ஒஹாயோ கால்வாயில் இப்படி 74 லாக்குகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 அடி அகலம். படகுகளோ 14 அடிக்கும் மேலே. இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு இடைவெளியில் அத்தனை பெரிய படகை உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். சில லாக்குகளின் மேல்வரிசைக் கல்லைக் குனிந்து பார்த்தால் விரல் பதியும் அளவுக்குப் பள்ளங்கள் தெரியும். உளி செதுக்கியது அல்ல, ஈரக் கயிறு ஆண்டுக்கணக்கில் உரசி அறுத்த தடம். பிள்ளைகளிடம் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கால்வாயை 1828 ஜூலை 4 அன்று தோண்டத் தொடங்கினார்கள். மண்வெட்டி பிடித்துத் தொடங்கிவைத்தவர் அன்றைய அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். அதே நாளில் பால்டிமோரில் ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842-இலேயே கம்பர்லண்டைத் தொட்டுவிட்டது. கால்வாய் போய்ச் சேர்ந்தது 1850-இல். ஒஹாயோ ஆறு வரை போகவேண்டும் என்பது திட்டம். பெயரில் மட்டும்தான் ஒஹாயோ மிச்சம். அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த கூலிக்காரர்கள் தோண்டியது அது. 1832-இல் காலரா வந்து அவர்களில் நிறையப் பேரைக் கொண்டுபோனது. பிறகு ஒரு முக்கால் நூற்றாண்டு நிலக்கரி ஏற்றிய படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையோரமாக நடந்து இழுத்தன. அவை நடந்த பாதைதான் டோபாத். 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1938-இல் அரசாங்கம் கால்வாயை விலைக்கு வாங்கியது.

நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அதற்குப் பிறகு வருகிறது. கைவிடப்பட்ட இந்தக் கரையில் கார்கள் போக ஒரு நெடுஞ்சாலை போடலாம் என்று பேச்சு எழுந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டார். தலையங்கம் எழுதியவர் என்னோடு முழுத் தூரமும் நடந்து வரட்டும், பிறகு பேசுவோம் என்பது அதன் சாரம். பத்திரிகை ஆசிரியர்கள் சரி என்றார்கள். மார்ச் 20 அன்று கம்பர்லண்டிலிருந்து 58 பேர் கிளம்பினார்கள். டக்ளஸுக்கு அப்போது 55 வயது. எட்டாவது நாள் முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் ஒன்பதே பேர்.

இந்தக் கதையைச் சொல்லும் எல்லாரும் அந்த ஒன்பது பேரைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு மற்ற நாற்பத்தொன்பது பேர்மேல்தான் கண். நடக்க அழைக்கப்பட்ட பத்திரிகைக்காரர்கள் அந்த ஒன்பது பேரில் இல்லை. அவர்கள் முழுத் தூரமும் நடக்கவில்லை. ஆனால் நடந்த தூரத்தில் கண்ணால் பார்த்தது போதுமானதாக இருந்தது. போஸ்ட் தன் நிலைப்பாட்டைப் பெருமளவு மாற்றிக்கொண்டது. 1971-இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. நாம் சனிக்கிழமை காலையில் காரின் இரைச்சல் இல்லாமல் இந்தக் கரையில் நடக்க முடிகிறது என்றால், பாதியில் நின்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே, நம்மில் யாராவது முட்டி வலிக்கிறது என்று ஒரு மைலில் உட்கார்ந்துவிட்டால் அவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கக்கூடாது. "இன்னும் கொஞ்ச தூரம்தான், வாங்க மாமா" என்று இழுக்கவும் கூடாது.

இனி அந்த பில்லி கோட் விஷயம்.

பில்லி கோட் டிரெயிலின் ஏ பகுதி 1.7 மைல். டோபாத் வழியாகப் போய்த் திரும்பினால் மொத்தம் நான்கு மைலுக்குள் அடங்கும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அது பாதை என்று சொல்லும்படியான பாதை அல்ல. பேர் ஐலண்ட் என்கிற பாறைத் தீவின் விளிம்போடு, மரத்திலும் கல்லிலும் தீட்டிய நீலக் கோட்டைத் தேடித் தேடிப் போகவேண்டும். வீட்டுச் சாப்பாட்டு மேசை உயரப் பாறைகளில் ஏறி, அடுத்ததில் இறங்கி, நடுவில் கையை ஊன்றித்தான் நகர முடியும். ஓரிடத்தில் ஐம்பது அடி போல ஒரு பாறைச்சுவர் சாய்வாக ஏறுகிறது. கீழே ஆறு. அங்கே ஒரு கைக்கு வெடிப்பு ஒன்று அகப்படும். அடுத்த கைக்குத் தேடவேண்டும். கால் வைக்கும் விளிம்புகள் வருகிறவர் போகிறவர் ஷூ பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருக்கின்றன. காய்ந்திருக்கும்போதே அப்படி, முதல் நாள் மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

வசந்த கால சனிக்கிழமையில் அந்தச் சுவரின் அடியில் வரிசை நிற்கும். முன்னால் இருப்பவர் பயந்து பாதியில் நின்றால் பின்னால் இருபது பேர் நிற்பார்கள். அந்த இருபது பேரில் ஒருவர் பொறுமையிழந்து பக்கத்துப் பாறையில் குறுக்கு வழி தேடுவார். அவரைப் பார்த்து அடுத்தவர். விபத்து நடப்பது பெரும்பாலும் அந்தக் குறுக்கு வழிகளில்தான். நாற்பது பேர் கொண்ட ஒரே குழுவாக நாம் அங்கே போய் நின்றால், அன்றைக்கு அந்தப் பாதையில் நடக்க வந்த அத்தனை பேருடைய காலையையும் நாமே அடைத்துக்கொண்டவர்கள் ஆவோம். வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவருக்கும் அது ஒரே ஒரு விடுமுறை நாள்தான்.

செடிகளையும் மறந்துவிடக் கூடாது. பேர் ஐலண்டின் பாறைகள் ஒரு காலத்தில் ஆற்றின் படுகையாக இருந்தவை. வெள்ளம் சுழன்று கூழாங்கல்லை வைத்துக் குடைந்த குழிகளை இன்றும் பார்க்கலாம். பாறை இடுக்கில் கைப்பிடி மண்தான் இருக்கும். பெருவெள்ளம் வரும்போதெல்லாம் அதுவும் அரித்துப் போய்ப் புதுமண் படியும். அந்தக் கைப்பிடி மண்ணை நம்பி, வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத செடிகள் அங்கே வளர்கின்றன. நீலக் கோட்டைவிட்டு இரண்டடி விலகி நின்று போட்டோ எடுப்பவரின் ஷூவுக்கடியில் போவது அவைதான். வெள்ளத்தைத் தாங்கி வளர்ந்த செடி மிதியைத் தாங்குவதில்லை.

அதனால்தான் மூன்று கோஷ்டி. பில்லி கோட்டுக்குப் போகிறவர்கள் எட்டெட்டுப் பேராக, கால்மணி நேர இடைவெளிவிட்டு, மேற்புற நுழைவிலிருந்து ஆற்றின் போக்கிலேயே நடக்கட்டும். எதிர்த்திசையில் யாரும் வரவேண்டாம், அந்த இடுக்கில் இரண்டு வரிசை கொள்ளாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளையும், முட்டியிலோ இடுப்பிலோ வலி உள்ளவர்களையும் அங்கே அழைத்துப் போகவேண்டாம் என்பது என் உறுதியான வேண்டுகோள். நாயை அங்கே அனுமதிப்பதில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் போகும் வழி எதிலும் குறைந்தது அல்ல. டேவர்னிலிருந்து டோபாத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் ஓம்ஸ்டெட் தீவுக்குப் போகும் பாலங்கள். 1972-இல் ஆக்னஸ் புயலின் வெள்ளம் பழைய பாலங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்ட இருபது ஆண்டு போலப் பிடித்தது. பாலத்தைக் கடந்து கடைசி மேடையில் நின்றால் அருவி கண்முன்னே. ஆறு ஒரு மைலுக்குள் 76 அடி இறங்குகிறது. மேலே ஆயிரம் அடி அகலத்தில் பரந்து வருகிற அதே தண்ணீர், கீழே மேதர் கார்ஜுக்குள் 60 முதல் 100 அடி அகலத்துக்குள் நெருக்கிக்கொண்டு போகிறது. ஒகேனக்கல்லில் காவிரி பாறைக்குள் புகுந்து இரைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கிருந்து திரும்பி, டோபாத்திலேயே கீழ்நோக்கிப் போனால் வைட்வாட்டர் வரும். கால்வாய் அங்கே ஏரி போல அகன்றுவிடுகிறது. மரக்கட்டைகள்மேல் ஆமைகள் வரிசையாக வெயில் காயும். நீல நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்றாலும் நிற்கும். அம்மாக்கள் சேலையோடு ஷூ போட்டு நிம்மதியாக நடக்கலாம், தரை சமம்.

தண்ணீரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆற்றைக் கண்டால் இறங்கிக் கால் நனைத்து, ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளாமல் திரும்ப நமக்கு மனசு வராது. தாமிரபரணியிலும் காவிரியிலும் குளித்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்களுக்குத் தண்ணீர் பயமும் கிடையாது. ஆனால் பொட்டோமாக்கின் இந்தப் பகுதியில் இறங்கக் கூடாது. கணுக்கால் அளவுக்குக்கூட. சட்டமும் தடுக்கிறது, நீரோட்டமும் தடுக்கிறது. அவ்வளவு தண்ணீர் அவ்வளவு குறுகிய இடத்தில் போகும்போது மேலே அமைதியாகத் தெரிவது அடியில் அமைதியாக இருப்பதில்லை. பாறைகளுக்குக் கீழே இழுப்பும் சுழலும் இருக்கும். ஏப்ரலில் தண்ணீர் நடுக்கும் குளிர். விழுந்தவுடன் மூச்சு அடைத்துக்கொள்ளும், நீந்தத் தெரிந்தவருக்கும் அதே கதிதான். இங்கே உயிர்விட்டவர்கள் எல்லாரும் நீந்தப் போனவர்கள் அல்லர். மீன் பிடிக்க நின்றவர், பாறை நுனியில் நின்றவர், காலை நனைக்க இறங்கியவர் என்று பல பேர். நடுவில் கயாக் ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து யாரும் தைரியம் அடையவேண்டாம். ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டுமாக, எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் எப்படித் திரும்பும் என்று பழகியவர்கள் அவர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவிடம் இதை முதல் நாள் ராத்திரியே சொல்லிவையுங்கள். ஆற்றங்கரையில் வைத்துச் சொன்னால், பெற்றவரைப் பிள்ளை அதட்டுவது போல ஆகிவிடும்.

மூன்றாவது கோஷ்டி காட்டுக்குள் போகிறது. டேவர்னுக்குப் பின்னால் ஏறும் கோல்டு மைன் லூப். ஆற்றங்கரை நெரிசல் அங்கே பாதிகூட இருக்காது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் இந்தப் பக்கம் முகாமிட்டிருந்த வடக்குப் படைச் சிப்பாய் ஒருவர் பாறையில் தங்கத் துணுக்கைப் பார்த்தார். போருக்குப் பிறகு சுரங்கமே தோண்டினார்கள். விட்டுவிட்டு நடந்து 1930-களின் கடைசியில் மூடிவிட்டார்கள். கிடைத்தது கொஞ்சம்தான். இன்று இடிபாடுகளும், வேலிபோட்ட பள்ளங்களும், அவற்றின்மேல் வளர்ந்த ஓக் மரங்களும் இருக்கின்றன.

எனக்கு அந்தக் காட்டில் தங்கத்தைவிடப் பிடித்தது பாபா மரம். கிழக்கு அமெரிக்காவில் தானாக வளரும் இந்தச் சின்ன மரம் நம் சீதாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏப்ரலில் இலை விடுவதற்கு முன்னால், காய்ந்த ரத்த நிறத்தில், தலை கவிழ்ந்து பூக்கும். பூவை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தால் சீதா மரத்தைப் பார்த்தவர்களுக்கு ஜாடை தெரியும். பழம் செப்டம்பரில்தான். ஆற்றோரத் தாழ்வான காட்டில் ஏப்ரலிலேயே புளூபெல் பூத்துத் தரையே நீலமாகக் கிடக்கும். பறிக்காதீர்கள், பிள்ளைகளையும் பறிக்க விடாதீர்கள்.

கூடவே பாய்சன் ஐவியையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். காம்புக்கு மூன்று இலை, வசந்தத்தில் சிவந்து பளபளக்கும். தொட்டால் இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பும். புல்லில் உரசி நடந்தால் உண்ணி ஏறும்; அதில் சிலது லைம் நோயைக் கொண்டுவரும். முழுக்கால்சட்டை போட்டு, அதன் அடியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். காப்பர்ஹெட் பாம்பும் உண்டு. வெயில் பட்ட பாறையில் கையை வைப்பதற்கு முன் பார்த்துவிட்டு வையுங்கள். தானாக வந்து கடிக்காது.

டோபாத்தில் சைக்கிள்காரர்கள் வருவார்கள். பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கேட்டால், உங்கள் இடப்பக்கமாக நான் போகிறேன் என்று அர்த்தம். நம் ஆட்கள் பலர் அதைக் கேட்டதும் இடப்பக்கமே ஒதுங்கி நேராகச் சக்கரத்தின் முன்னால் போய் நிற்கிறார்கள். வலப்பக்கம் ஒதுங்குங்கள். நாலு பேர் கைகோத்து அகலமாக நடக்கவேண்டாம், இரண்டு பேர் போதும். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். இளையராஜா எனக்கும் உயிர்தான். ஆனால் பக்கத்தில் நடக்கிறவர் நாரையின் சிறகோசையைக் கேட்க வந்திருக்கலாம். பேச்சு இருக்கட்டும், சிரிப்பும் இருக்கட்டும். சனிக்கிழமை முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டு நடப்பதற்காகத்தானே பாதிப் பேர் வருகிறீர்கள்.

சாப்பாடு டேவர்னுக்குப் பக்கத்துப் புல்வெளியில், ஒரு மணிக்கு. புளியோதரை, எலுமிச்சை சாதம், சுண்டல் என்று பட்டியல் ஏற்கெனவே நீண்டுவிட்டது. தயிர்சாதம் கொண்டுவருபவர்கள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். வாத்துகளுக்கு எதுவும் போடவேண்டாம், அவற்றுக்கு நம் சோறு நல்லதல்ல. குப்பைத் தொட்டி எங்கும் இல்லை என்று எண்ணிக்கொண்டு ஆளுக்கொரு பை எடுத்து வாருங்கள். ஆரஞ்சுத் தோலும் குப்பைதான், மக்கிவிடும் என்று புதருக்குள் எறிய வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தேய்ந்துபோகாத அடி உள்ள ஷூ. செருப்போடு வருகிறவர்களுக்கு டோபாத் மட்டும்தான்.

காலை எட்டு மணிக்கு டேவர்ன் வாசலில் இருக்கவேண்டும். பத்து, பதினொன்று என்று வந்தால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சாலையிலேயே காத்துக்கிடக்க நேரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கார் என்று வராமல் சேர்ந்து வாருங்கள். வரமுடியாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட்டால், காலையில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிராது.

கடைசியாக ஓர் உதவி. ஒவ்வொரு கோஷ்டிக்கும் முன்னால் நடக்க ஆட்கள் தானாகக் கிடைத்துவிட்டார்கள், வழி தெரிந்தவர்கள், வேகமானவர்கள். கடைசியில் நடக்க இன்னும் மூன்று பேர் வேண்டும். முதலுதவிப் பையும் கூடுதல் தண்ணீரும் அவர்களிடம்தான் இருக்கும். அவர்களுக்குப் பின்னால் நம் ஆள் ஒருவரும் இருக்கக்கூடாது. யாராவது உட்கார்ந்தால் கூட உட்காரவேண்டும், யாராவது திரும்ப நினைத்தால் கூடத் திரும்பவேண்டும். அருவியைப் பார்க்காமலேயே திரும்ப நேர்ந்தாலும் முகம் சுளிக்காதவர்களாக இருந்தால் நல்லது. முட்டி பலமும் பொறுமையும் உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் எனக்குச் சொல்லுங்கள். மூன்றாவது ஆள் கிடைக்காவிட்டால் பில்லி கோட் கோஷ்டியைக் கைவிட்டு, எல்லாரும் டோபாத்திலேயே நடப்போம்.

அன்புடன்,
நடையை ஒருங்கிணைக்கும் உங்களில் ஒருவர்